கேட்பாரின்றிச் செய்த வேலை

நம் சங்க நூலகத்திற்கு இம்மாதம் வந்து சேர்ந்த நூல்களுள் ஒன்றைப் பற்றி மட்டுமே இப்பகுதியில் எழுத எண்ணினோம். அது கதையன்று; கவிதையன்று; கட்டுரைத் தொகுதியும் அன்று. முழுவதும் புகைப்படங்கள் நிறைந்த பெருநூல். சங்க அன்பர் ஒருவர் அன்பளிப்பாக அளித்தது. பார்சல் அலுவலகத்தில் நாள்தோறும் எடை போட்டுக் கை பழகிய நமக்கு, அதனைத் தூக்கியவுடனேயே, இது சாய்ந்துகொண்டு படிக்கும் நூலன்று, மேசைமேல் விரித்து வைத்துப் பார்க்க வேண்டிய நூல் என்பது விளங்கிவிட்டது.

நூலின் பெயரைத் தமிழில் 'சால் லைட்டர்: நூற்றாண்டுத் தொகுப்பு' என்று சொல்லலாம். நியூயார்க் நகரில் வாழ்ந்து 2013ஆம் ஆண்டில் மறைந்த சால் லைட்டர் என்னும் புகைப்படக் கலைஞர் பிறந்து நூறாண்டு நிறைவதையொட்டி, தேம்ஸ் அண்டு ஹட்சன் பதிப்பகத்தார் 2023ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். தொகுத்தவர்கள் மார்கிட் எர்ப், மைக்கேல் பரில்லோ என்னும் இருவர். ஆங்கில நூலே ஆயினும் இதில் படங்களே மிகுதி. ஆதலால் ஆங்கிலம் அறியாதாரும் தயக்கமின்றித் திறந்து பார்க்கலாம்.

எங்கோ அமெரிக்க நாட்டில் ஒருவர் எடுத்த படங்களைப் பற்றி நம் இதழில் எழுதுவானேன் என்று நேயர்கள் வினவக்கூடும். நியாயமான வினாவே. அதற்கு நம் விடை இது: இந்நூலின் சிறப்புக்குக் காரணமான படங்களை எடுக்கும்படி எவரும் அவரைப் பணிக்கவில்லை. எடுத்தமைக்கு எவரும் கூலி தரவில்லை. எடுத்து வைத்த பிறகு நாற்பது ஐம்பது ஆண்டுகள்வரை அவற்றைப் பெரிதாகக் கேட்பாரும் இல்லை. பகலெல்லாம் வயிற்றுக்காக ஒரு வேலை, மிஞ்சிய பொழுதில் மனத்துக்காக ஒரு வேலை என்று வாழ்கிறவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! அலுவலகத்தில் கணக்கெழுதிவிட்டு வந்து இரவில் மிருதங்கம் பயில்கிறவர் உண்டு. குழந்தைகள் உறங்கிய பின் வண்ணத்தையும் தூரிகையையும் எடுக்கும் தாய்மார் உண்டு. யாரும் அச்சிடாத வெண்பாக்களைப் பழைய நாட்குறிப்பேட்டில் எழுதி நிரப்பும் பெரியவர்களும் உண்டு. இவர்கள் எல்லாரும் ஒருநாள் இல்லாவிடில் ஒருநாள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே: 'எவரும் கேளாத இவ்வேலையால் ஆவது யாது?' அக்கேள்விக்கு இந்நூல் ஒருவகையில் விடை சொல்கிறது. அதனாலேயே இதனை எடுத்துக்கொண்டோம்.

தந்தை வழியும் மகன் வழியும்

சால் லைட்டர் 1923ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். இரும்பும் எஃகும் உருக்கிய ஊர் அது. நம் ஜாம்ஷெட்பூரை அறிந்தவர்கள் அதன் புகையையும் சூட்டையும் ஒருவாறு உணர்ந்துகொள்ளலாம். அவர் தந்தையார் யூதர்களின் தால்மூது என்னும் மறைவிளக்க நூலில் பெரும்புலமை பெற்றவர். சமய குருவாய் விளங்கியவர். மகனும் அவ்வழியே வர வேண்டும் என்பது குடும்பத்தின் விருப்பம். மகன் கிளீவ்லாந்து நகரிலிருந்த சமயக் கல்லூரியில் சேர்ந்து பயின்றார். ஆனால் பன்னிரண்டு வயதளவில் அன்னையார் வாங்கித் தந்த சிறிய டெட்ரோலா காமிராவும், நூலகத்தில் புரட்டிய ஓவிய நூல்களும் அவர் மனத்தை வேறு பக்கம் இழுத்துவிட்டன. 1946ஆம் ஆண்டில், இருபத்து மூன்றாம் வயதில், படிப்பை விட்டு, ஓவியனாவதற்காக நியூயார்க் சென்றார்.

தந்தை இதனை ஏற்கவில்லை. படம் எடுப்பது தம் குலத்துக்கு ஏற்ற தொழிலாக அவருக்குத் தோன்றவில்லை. இந்த மனவருத்தம் மகனுடைய உள்ளத்தில் முதுமைவரை இருந்தது என்பது அவரைக் குறித்துத் தோமஸ் லீச் என்பவர் எடுத்த ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இவ்விடத்தில் தந்தையைக் குறை கூறிவிட்டு மேலே செல்வது எளிது. நாம் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. ஊர்விட்டு ஊர் வந்து, மொழி தெரியாத நகரில் குடியேறி, பிள்ளைகளின் படிப்பு ஒன்றையே பிடிமானமாகக் கொண்டு வாழும் நம் குடும்பங்களுக்கு அத்தந்தையின் அச்சம் புரியாதது அன்று. 'பொறியியல் படிப்பான், வேலையில் அமர்வான்' என்று நம்பியிருந்த பிள்ளை, 'படம் வரையப் போகிறேன்' என்று சொன்னால் நம் வீட்டில் அன்றிரவு அடுப்பு எரியுமா? ஆனால் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு வரியை எடுத்து அதன் ஒவ்வொரு சொல்லையும் நாட்கணக்கில் ஆராய்வது தால்மூதுக் கல்வியின் முறை. அந்த மகன் பிற்காலத்தில் ஒரே தெருவை அறுபது ஆண்டுகள் சலிப்பின்றி ஆராய்ந்தார். தந்தையின் பொறுமை மகனிடம் வேறு தொழிலில் வெளிப்பட்டது என்றே நாம் கருதுகிறோம். இருவரும் அதனை அறிந்துகொள்ளாமலே பிரிந்தனர் என்பதுதான் வருந்தத் தக்கது.

வயிற்றுக்கு ஒன்று

நியூயார்க்கில் ரிச்சர்டு பூசெட் டார்ட் என்னும் ஓவியரின் நட்பு அவருக்குக் கிடைத்தது. அவ்வோவியர் புகைப்படத்திலும் சோதனைகள் செய்துகொண்டிருந்தவர். 1947ஆம் ஆண்டில் நவீனக் கலைக் காட்சியகத்தில் பிரெஞ்சுக் கலைஞர் கார்த்தியே பிரஸ்ஸோனின் படங்கள் வைக்கப்பட்டன. அவற்றையும் லைட்டர் கண்டார். தூரிகையைக் கீழே வைக்காமலே காமிராவையும் கையில் எடுத்தார். முதலில் கறுப்பு வெள்ளை. 1948 முதல் வண்ணப் படங்களும்.

ஓவியம் விற்றுச் சாப்பிடுவது எந்த நாட்டிலும் அரிது. பெண்களின் நாகரிக உடைகளைப் படம்பிடித்துப் பத்திரிகைகளுக்குத் தரும் தொழிலில் அவர் இறங்கினார். ஹென்றி உல்ஃப் என்னும் கலை ஆசிரியர் 1958ஆம் ஆண்டில் 'ஹார்ப்பர்ஸ் பஜார்' இதழுக்கு வந்தபோது லைட்டருக்கும் அங்கே இடம் கிடைத்தது. பின்னர் 'எல்', 'குவீன்', 'நோவா' முதலிய இதழ்களுக்கும் வேலை செய்தார். சுமார் இருபது ஆண்டுகள் இத்தொழிலே அவருக்குச் சோறு போட்டது. 1981ஆம் ஆண்டில் ஐந்தாம் அவென்யூவில் இருந்த தம் படநிலையத்தை மூடிவிட்டார். அதன் பின் பணமுடை மிகுந்த காலம் வந்தது.

கலைஞர் சிலர் வயிற்றுப்பாட்டு வேலையை இழிவாகப் பேசுவது உண்டு. லைட்டரிடம் அப்பழக்கம் காணப்படவில்லை. அவருடைய உடைப் படங்களிலும் மழைத் துளி படிந்த கண்ணாடியும், பாதி மறைந்த முகமும், கூட்டத்தின் நடுவே தோன்றும் ஒரு சிவப்பும் இருக்கின்றன. மனத்துக்காகச் செய்ததன் சாயல் வயிற்றுக்காகச் செய்ததிலும் படிந்திருக்கிறது. இதனைக் கண்டபோது நமக்கு மகிழ்ச்சியாக இருந்தது. மாலையில் பாடுகிறவர் காலையில் எழுதும் பதிவேட்டின் கையெழுத்தும் அழகாக இருப்பதை நாம் அலுவலகத்தில் கண்டதுண்டு.

மனத்துக்கு ஒன்று

1952ஆம் ஆண்டில் நியூயார்க்கின் கிழக்குப் பத்தாம் தெருவில் ஒரு வீட்டில் குடிபுகுந்தார். இறக்கும்வரை அதுவே அவர் இருப்பிடம். காமிராவை எடுத்துக்கொண்டு அவர் நடந்த தொலைவும் பெரிதன்று. அண்டையிலிருந்த தெருக்களே அவருக்கு உலகம். போர்முனை, மலைச்சிகரம், அரசர், நடிகர் என்று தேடி அலையவில்லை. தம் வாயிலிலிருந்து நடந்துபோய்ப் பால் வாங்கி வரக்கூடிய தொலைவில் என்னென்ன கிடைக்குமோ, அவற்றையே எடுத்தார்.

அவருடைய படங்களுள் பேர்பெற்ற சிலவற்றை இங்கே சொல்லுவோம். நூலைப் பார்க்க வருவோர் இவை போன்றவற்றின் முன் சற்று நிற்க வேண்டும்.

1950ஆம் ஆண்டளவில் எடுத்தது 'காலடிகள்'. மேலேயிருந்து கீழே பார்க்கிறோம். பனி விழுந்த நடைபாதை. அதில் போனவர் வந்தவரின் காலடிகள் கறுத்துக் கிடக்கின்றன. ஒரு சிவப்புக் குடை போகிறது. குடைக்குக் கீழே யார் என்று தெரியாது. இவ்வளவே. ஆயினும் அந்தச் சிவப்பு ஒன்று இல்லையானால் அந்தக் குளிர் நமக்கு உறைத்திராது.

1957இல் எடுத்தது 'டாக்ஸி'. வண்டியும் முழுதாகத் தெரியவில்லை. உள்ளே அமர்ந்தவரும் தெரியவில்லை. ஜன்னல் வழியே ஒரு கை மட்டும் வாரைப் பற்றிக்கொண்டிருக்கிறது. அவர் எங்கே போகிறார், மகிழ்ச்சியோடா, துயரத்தோடா என்பதையெல்லாம் அந்தக் கையைப் பார்த்தே எண்ணிக்கொள்ள வேண்டும்.

அதே ஆண்டில் எடுத்த இன்னொன்று 'பலகைகளுக்கிடையே'. படத்தின் மேலும் கீழும் இருட்டு. நடுவே ஓர் இடுக்கு. அந்த இடுக்கின் வழியே தெருவின் ஒரு கீற்று. பலகைத் தடுப்பின் சந்தில் கண்ணை வைத்துத் தேர் பார்த்த பிள்ளைப் பருவம் உடையவர்களுக்கு இப்படத்தை விளக்க வேண்டுவதில்லை.

1958இல் எடுத்த 'மேற்கட்டி' என்னும் படத்தில் பெரும்பகுதி ஒன்றுமில்லை, வெறும் கறுப்பு. கடைமுகப்பின் துணிக்கூரை மேலே படர்ந்து மறைக்கிறது. அடியில் எஞ்சிய சிறு பகுதியில் பனி பெய்கிறது, மனிதர் நடக்கின்றனர். வேறு எவரேனும் எடுத்திருந்தால், 'கூரை மறைக்கிறது' என்று நாலடி தள்ளிப் போயிருப்பார். இவர் மறைப்பதையே படமாக்கினார்.

1960இல் எடுத்த 'பனி' என்பதோ நீராவி படிந்த கண்ணாடிக்கு அப்பால் நிற்கும் ஒரு மனிதர். டிசம்பர், ஜனவரி மாதங்களில் மூடுபனி கவிந்து, வண்டிகள் மணிக்கணக்கில் தாமதமாக, இங்குள்ள நிலையத்துக் காத்திருப்பு அறையின் கண்ணாடி வழியே நேயர்கள் பார்த்த உருவங்களை அது நினைவூட்டும். நாம் அங்கே கடிகாரத்தைப் பார்த்தோம். அவர் கண்ணாடியைப் பார்த்தார். வேற்றுமை அவ்வளவே.

இருப்புப்பாதைக் குடும்பத்தவர்க்கென்றே ஒரு படம் உண்டு. 1954இல் எடுத்தது. தெருவுக்கு மேலே இரும்புத் தூண்களின்மீது ஓடிய நகர் வண்டியின் பெட்டி. இருக்கையின்மேல் நீட்டி வைத்த ஒரு கால். முகம் இல்லை, ஊர் இல்லை, நிலையத்தின் பெயர்ப்பலகை இல்லை. மூன்றாம் அவென்யூவின் மேல் ஓடிய அவ்வகை வண்டி 1955ஆம் ஆண்டு மே மாதத்தோடு மான்ஹாட்டனில் நின்றுவிட்டது, தூண்களும் பெயர்க்கப்பட்டன. மறைந்துபோன பாதையைப் பற்றிப் பொறியாளர் எழுதிய ஏடுகள் எத்தனையோ இருக்கலாம். அதில் பயணம் செய்தவர் எப்படிக் கால் நீட்டி அமர்ந்தார் என்பதை இப்படம் அல்லவோ சொல்கிறது!

பெட்டிக்குள் கிடந்த வண்ணம்

இப்படங்கள் இத்தனை நாள் வெளிப்படாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. அக்காலத்தில் கலைப்படம் என்றால் கறுப்பு வெள்ளை என்பதே கற்றோர் கொள்கை. வண்ணம் விளம்பரத்துக்கும் குடும்ப விழாவுக்கும் உரியது என்று ஒதுக்கினர். நியூயார்க்கின் நவீனக் கலைக் காட்சியகம் 1976ஆம் ஆண்டில் வில்லியம் எகிள்ஸ்டன் என்பவரின் வண்ணப் படங்களைத் தனிக் காட்சியாக வைத்த பிறகே அக்கொள்கை தளர்ந்தது என்பர். லைட்டரோ அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டு முன்பே தொடங்கிவிட்டார். 1950களில் அக்காட்சியகத்தார் அவருடைய படங்கள் சிலவற்றைக் காட்டியது உண்மையே. ஆயினும் அது தொடரவில்லை.

மற்றொரு காரணம் செலவு. அவர் பயன்படுத்தியவற்றுள் கோடக்ரோம் முதன்மையானது. அது நெகடிவ் அன்று. ஒளியை ஊடுருவிப் பார்க்கும் ஸ்லைடு. அதிலிருந்து நல்ல வண்ணப்பிரதி எடுக்க அக்காலத்தில் பெரும்பொருள் வேண்டும். ஆதலால் நண்பர்கள் வந்தால் திரையில் வீழ்த்திக் காட்டுவார். பிறகு பெட்டியில் வைத்துவிடுவார். காலாவதியான பிலிமையும் அவர் விரும்பி வாங்கினார். விலை குறைவு என்பது ஒன்று. பழைய பிலிமில் வண்ணங்கள் எதிர்பாராத விதமாய்த் திரிந்து வருவதை அவர் குறையாகக் கொள்ளவில்லை என்பது மற்றொன்று. சிறிய பொருளாதாரம் உடையவன் தன் இல்லாமையையே கருவியாக்கிக்கொள்வதற்கு இது நல்ல சான்று.

கோடக்ரோமைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. பெரும்பாலான வண்ணப் பிலிம்களில் வண்ணம் தரும் பொருள் முன்னரே கலந்திருக்கும். கோடக்ரோமிலோ கழுவும்போதுதான் சேர்ப்பார்கள். அதனால் இருட்டில் வைத்தால் பல்லாண்டுகள் நிறம் கெடாமல் நிற்கும். கேட்பாரின்றிப் பெட்டிக்குள் கிடந்ததே அப்படங்களுக்குக் காப்பாகவும் முடிந்தது! அந்தப் பிலிமின் உற்பத்தி 2009இல் நின்றது. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்திலிருந்த ஒரு கடை அதனைக் கழுவிக் கொடுத்துவந்தது. அதுவும் 2010ஆம் ஆண்டின் முடிவோடு அப்பணியை நிறுத்தியது.

2006ஆம் ஆண்டில் மார்ட்டின் ஹாரிசன் என்னும் அறிஞர் தொகுக்க, ஸ்டைடல் பதிப்பகம் லைட்டரின் பழைய வண்ணப் படங்களை நூலாக்கியது. அப்போது அவருக்கு வயது எண்பதுக்கு மேல். உலகம் திரும்பிப் பார்த்தது. 2008இல் பாரிஸ் நகரிலும், 2012இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலும் பெருங்காட்சிகள் நடந்தன. 2013 நவம்பர் 26ஆம் நாள் அவர் காலமானார். டாட் ஹெய்ன்ஸ் இயக்கிய 'கரோல்' என்னும் 2015ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் மழைக் கண்ணாடிக் காட்சிகளுக்கு இவர் படங்களே தூண்டுதல் என்பதும் அறியப்பட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியவர் லைட்டர் ஒருவர் மட்டும் அல்லர். பெட்டியைத் திறந்து பார்க்க வேறொருவர் வேண்டியிருந்தது. ஹோவர்டு கிரீன்பர்க் என்பவர் தம் காட்சிக்கூடத்தில் இடம் தந்தார். அங்கே வேலை பார்த்த மார்கிட் எர்ப் என்னும் பெண்மணி லைட்டருக்கு உதவியாளராகி, ஒழுங்கற்றுக் கிடந்தவற்றை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். அவர் மறைந்த பின்னும் அப்பணியை விடாமல் நடத்தி, இந்நூற்றாண்டுத் தொகுப்பையும் கொண்டுவந்தார். எங்கள் பார்சல் கிடங்கில் உரியவர் வந்து கேளாத கட்டுகள் சில எப்போதும் கிடக்கும். குறித்த நாள்வரை வைத்திருப்போம். பிறகு விதிப்படி ஏலத்துக்குப் போகும். உள்ளே என்ன இருந்தது என்பது அனுப்பியவர் ஒருவருக்கே தெரியும். லைட்டரின் பெட்டிகளும் அவ்வாறு போயிருக்கக் கூடியவையே. போகாமல் காத்தது கலையின் மேன்மை மட்டும் அன்று, ஒருவரின் உழைப்பும்கூட.

ஆகவே, 'எவரும் கேளாத வேலையால் ஆவது யாது?' என்ற கேள்விக்கு இந்நூல் தரும் விடை இரு பகுதி உடையது. செய்பவன் கேள்வியை எதிர்பாராமல் நன்றாகச் செய்ய வேண்டும் என்பது ஒன்று. அருகிலிருப்பவர் அதனைக் காக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதற்பகுதியைப் பலரும் சொல்லுவர். இரண்டாம் பகுதியை மறந்துவிடுவர்.

ஒரு குறை

புகழ்ந்துகொண்டே போவது மதிப்புரை ஆகாது. இந்நூலைக் கண்டபோது நமக்கு எழுந்த ஓர் ஐயத்தையும் சொல்லிவிடுகிறோம். நியூயார்க் வறுமையும் நிறவேற்றுமையும் நிறைந்த நகரம். லைட்டர் நன்கு அறிந்த யூஜின் ஸ்மித் என்னும் புகைப்படக்காரர், மக்கள் படும் துன்பங்களை உலகுக்குக் காட்டுவதையே தொழிலாகக் கொண்டார். லைட்டரின் படங்களிலோ குடையும் பனியும் கண்ணாடியும் அழகாக இருக்கின்றன. குடைக்குக் கீழே இருப்பவரின் குறையைக் கேட்பார் இல்லை. அழகு மட்டும் போதுமா?

போதாது என்றே சொல்லுவோம். ஆனால் வேண்டாததும் அன்று. துன்பத்தைக் காட்டும் படம் நம்மை எழுந்து ஒரு செயல் செய்யத் தூண்டும். இவருடைய படமோ நாளை காலை வேலைக்குப் போகும் அதே வழியை நாம் சற்று நின்று பார்க்கும்படி செய்யும். இரண்டும் ஒருவரிடமே அமைய வேண்டும் என்று கேட்பது, மருத்துவரே பாட்டும் பாட வேண்டும் என்று கேட்பது போலாகும். இந்த ஐயத்தை உடன்வைத்துக்கொண்டே நூலைப் பாருங்கள். அதனால் நூலுக்கும் குறைவில்லை, உங்களுக்கும் குறைவில்லை.

மற்றொன்று: அவர் வீட்டினுள் எடுத்த படங்களுள் சில பெரியோர் பார்ப்பதற்கே உரியவை. சிறுவர்க்குக் காட்டும் பெற்றோர் தாமே உடனிருந்து தெருப் படங்கள் உள்ள பக்கங்களைத் திறந்து காட்டுவது நலம்.

நம் வீட்டுப் பெட்டிகள்

நூலை மூடியபின் நம் நினைவு நம் குடியிருப்பின் பரண்களை நோக்கிச் சென்றது. இங்கே வந்து நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஆன குடும்பங்கள் பல உள்ளன. அக்காலத்தில் ஆக்பா கிளிக் காமிரா வைத்திருந்த பெரியவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருந்தனர். நம் உதகமண்டலத்தில் 1960ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' பிலிமைப் போட்டுப் பலர் படம் எடுத்தனர். அவ்வாலையும் இன்று இல்லை. அப்பெரியவர்கள் எடுத்தவை கல்யாணப் படங்கள் மட்டும் அல்ல. முதன்முதல் நடந்த பொங்கல் விழா, ஓலைக் கொட்டகையில் நடந்த தமிழ் வகுப்பு, இடித்துக் கட்டுவதற்கு முன்பிருந்த குடியிருப்பு வரிசை, நீராவி எஞ்சின் என்று யாரும் கேளாமலே எடுத்து வைத்தார்கள்.

அவை இப்போது எங்கே? ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பும்போது சில போயின. மாற்றல் உத்தரவு வந்த அவசரத்தில் பழைய காகிதக்காரனுக்குச் சில போயின. தந்தை இறந்த பின், 'கறுப்பாய் ஏதோ சுருள் இருக்கிறதே, இது எதற்கு?' என்று மக்கள் எறிந்தவை சில. எஞ்சியவற்றையாவது காப்போம். அதற்கு வேண்டியவை அரிய பொருள்கள் அல்ல.

நெகடிவைக் கையால் எடுக்கும்போது விளிம்பை மட்டும் பிடிக்க வேண்டும். நடுவில் விரல் பட்டால் அக்குறி போகாது. மலிவான பிளாஸ்டிக் உறைகளை நீக்கிவிட்டு நல்ல காகித உறையில் இட வேண்டும். ஈரமும் வெப்பமும் பகை; தகரக் கூரையின் கீழுள்ள பரணும், குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியும் ஆகா. பெட்டியைத் திறந்தவுடன் காடி போன்ற புளித்த வாடை வருமாயின், பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அறிந்து, அதனைத் தனியே பிரித்து, விரைவில் நகல் எடுத்துவிட வேண்டும். பழைய வண்ணப் படங்கள் சிவந்துபோயிருந்தால் வருந்த வேண்டா. அவற்றையும் கணினியில் பதிவு செய்து ஓரளவு திருத்தலாம். எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்று: படத்தில் உள்ளவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதைப் பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் எழுதி வைக்க வேண்டும். சொல்லக்கூடியவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும். பெயரற்ற படம் முகவரி இல்லாத பார்சலுக்கு ஒப்பாகும்.

இப்பணிக்கு நம் சங்க நூலகமே தகுந்த இடம். படங்களைச் சங்கத்துக்கே கொடுத்துவிட வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. கொண்டு வாருங்கள்; கணினி அறிந்த நம் இளைஞர்கள் பதிவு செய்து, மூலத்தை அப்படியே உங்கள் கையில் திருப்பித் தருவார்கள். பெரியவர்கள் அருகில் அமர்ந்து பெயர்களைச் சொன்னால், பிள்ளைகள் தமிழில் எழுதிக்கொள்ளட்டும். எழுத்துப் பயிற்சியும் ஆயிற்று. தாத்தாவின் கதையும் கிடைத்தது.

இறுதியாக இளைய நேயர்களுக்கு ஒரு சொல். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திப் பணியில் சேர்ந்த நாம், கலை இலக்கணம் கூறும் தகுதி உடையோம் அல்லோம். ஆயினும் மாதந்தோறும் இப்பகுதியை எழுதிவரும் அனுபவத்தால் இதனைச் சொல்லத் துணிகிறோம். உங்கள் வேலையை எவரும் கேட்கவில்லையே என்று நிறுத்திவிடாதீர்கள். பத்தாம் தெருவில் ஒருவர் நிறுத்தவில்லை. பெற்றோர்க்கும் ஒரு சொல்: உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை யாரும் கேளாமல் எதையேனும் செய்துகொண்டிருந்தால், அதனைப் புகழ வேண்டும் என்பதுகூட இல்லை, எறிந்துவிடாமல் ஒரு பெட்டியில் எடுத்து வையுங்கள்.

நூல் வாசகசாலையின் நடுமேசையில் வைக்கப்பட்டுள்ளது. வீட்டுக்குக் கொடுப்பதில்லை, ஞாயிறு மாலை வந்து பார்க்கலாம். கை கழுவிவிட்டு வருமாறு சிறுவர்களை மட்டுமன்றிப் பெரியவர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.